லினக்ஸ் எழும்பச் சுணங்கினால் எதில் முதலில் கை வைக்கக்கூடாது

கொக்குவிலில் ஒரு ரியூட்டரியின் அலுவலக அறையில் கிடந்த கொம்பியூட்டர் அது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலுகிற ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் மின்ட். "அண்ணை, சுவிச்சைப் போட்டிட்டுப் போய் பிளேன்ரீ குடிச்சிட்டு வந்தாலும் இது எழும்பாது" என்று அங்கே வேலை செய்யும் பெடியன் கூப்பிட்டான். நான் போவதற்கு முதலே, 'லினக்ஸைக் கெதியாக்கும் வழிகள்' என்று இணையத்தில் கண்டதையெல்லாம் செய்து முடித்திருந்தான். புளூடூத்தை நிறுத்தி, பிரிண்டர் சேவையை நிறுத்தி, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி என்று ஆறு மாற்றம் செய்திருந்தான். ஒரு செக்கன்கூடக் குறையவில்லை. வினாத்தாள் அச்சடிக்கிற இடத்தில் பிரிண்டர் மட்டும் செத்துப்போயிருந்தது.

அவன் ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை. தடவித் தடவி மருந்து கட்டிய கதைதான். நான் முதலில் ஃபோனில் ஸ்டொப்வொச்சைத் திறந்தேன். பவர் பட்டனை அமத்தியதிலிருந்து ஃபயர்ஃபொக்ஸில் ஒரு பக்கம் முழுதாக விரியும் வரை 3 நிமிடம் 40 செக்கன்.

ஏன் ஃபயர்ஃபொக்ஸ் வரை? எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிக்காமல் ஒப்பிடுவதுதான் பலர் விடுகிற பிழை. ஒருவர் லொகின் திரை வந்ததும் நிறுத்துவார். இன்னொருவர் டெஸ்க்டொப் படம் தெரிந்ததும் நிறுத்துவார். பிறகு இரண்டு பேரும் எண்ணை வைத்துச் சண்டை பிடிப்பார்கள். 2008 இல் இன்டெல் பொறியியலாளர்கள் ஆர்யன் வான் டி வென், ஆவுக்க கொக் இருவரும் ஒரு சின்ன ஏசுஸ் ஈபிசியை 5 செக்கனில் எழுப்பிக் காட்டினார்கள். டெஸ்க்டொப் தெரிவதை அவர்கள் முடிவாக எடுக்கவில்லை. சிபியுவும் டிஸ்கும் வேலை முடித்து ஓய்ந்திருக்க வேண்டும் என்றார்கள். இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு 1, தொடக்கச் சேவைகளுக்கு 1, வரைகலைக்கு 1, டெஸ்க்டொப்புக்கு 2 என்று செக்கன்களை முதலே பங்கு பிரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். பெடியனின் ஹார்ட் டிஸ்க்கோ டெஸ்க்டொப் தெரிந்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் கரகரத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எதை அமத்தினாலும் திறக்காது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எங்களையே ஏமாற்றுகிறோம்.

விண்டோஸோடு ஒப்பிடும்போது நடக்கிற அநியாயம் இன்னொன்று. விண்டோஸ் 8 இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் கேர்னலை முழுதாக மூடுவதில்லை. அதன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து விரிக்கும். அரைத்தூக்கத்திலிருந்து எழும்புகிறவனையும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்புகிறவனையும் ஒரே ஓட்டத்தில் விட்டு, லினக்ஸ் தோற்றுவிட்டது என்பார்கள். நியாயமாக ஒப்பிடுவதென்றால் விண்டோஸை ரீஸ்டார்ட் கொடுத்து அளவுங்கள். ரீஸ்டார்ட்டில் அது முழுதாக மூடித்தான் திறக்கும்.

புதுப்பிப்புப் போட்ட உடனே வருகிற முதல் எழும்பலை எண்ணாதீர்கள். ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து தரம் அளந்து, நடுவில் வருகிற எண்ணை எடுத்தால் போதும். இரண்டு இயங்குதளம் போட்டிருக்கிறவர்கள் எதை எழுப்புவது என்று கேட்கிற க்ரப் மெனு காத்திருக்கிற நேரத்தையும் பார்க்க வேண்டும். பத்து செக்கன் அது சும்மா நிற்கும். பழி லினக்ஸுக்கு வரும்.

அளந்த பிறகு டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்று கொடுக்கலாம். சேவைகளை எழுப்பி நடத்துகிற நிரல்தான் சிஸ்டம்டி. உபுண்டு, டெபியன் இரண்டும் 2015 இல் அதற்கு மாறிவிட்டதால் இங்கே கையில் கிடைக்கிற பெரும்பாலான லினக்ஸில் இந்தக் கட்டளை இருக்கும். எவ்வளவு நேரம் கேர்னலுக்குப் போனது, எவ்வளவு நேரம் அதற்குப் பிறகு சேவைகளுக்குப் போனது என்று பிரித்துக் காட்டும். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் எழும்புகிற கணினி என்றால், லினக்ஸுக்கு முதல் ஓடுகிற ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலுள்ள மென்பொருள்) எடுத்த நேரத்தையும் காட்டும். பழைய பயோஸ் முறையில் அது வராது. ஆகவே இரண்டு கணினிகளின் மொத்த எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் பிழை. ஒன்றில் ஃபர்ம்வேர் சேர்ந்திருக்கும், மற்றதில் சேர்ந்திராது.

பெடியனின் கணினியில் கேர்னல் 38 செக்கன், மிச்சம் 2 நிமிடம் 4 செக்கன் என்று வந்தது. 38 என்பது எனக்கு இடித்தது. பழைய கணினியாக இருந்தாலும் கேர்னலுக்கு அவ்வளவு தேவையில்லை. அதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, எல்லாரும் செய்கிறது போல 'பிளேம்' பட்டியலைத் திறந்தேன்.

இந்தப் பட்டியல்தான் பலரை விழுத்துகிற குழி. எந்தச் சேவை எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிக் காட்டும். பெயரே 'பழி' என்றிருப்பதால், மேலே நிற்கிறதுதான் குற்றவாளி என்று ஆட்கள் நினைத்து அதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிஸ்டம்டி பல சேவைகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது. ஒன்று இருபது செக்கன் எடுத்தாலும், அதற்காக ஒருவரும் காத்திருக்காவிட்டால் உங்களுக்கு ஒரு நட்டமுமில்லை. மேலே நிற்கிற சேவை தான் வேலை செய்யாமல் வேறொன்றுக்காகக் காத்திருந்ததாகவும் இருக்கலாம். பிளைமவுத்-குவிட்-வெயிட் அப்படிப்பட்டது. தொடக்கப் படம் எப்போது மறையும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அதை நிறுத்திச் செக்கன் மிச்சம் பிடித்தேன் என்பது, பஸ் சுணங்கினதற்குத் தரிப்பிடத்தில் நின்றவனை அடிக்கிற மாதிரி.

இதைவிட முக்கியம், பிளேம் பட்டியல் சொல்லாமல் விடுவது. கடைசிவரை எழும்பாமலே தோற்றுப்போனவை அதில் வராது. பெடியனின் பட்டியலில் ஆகப் பெரிய எண் 14 செக்கன். பிறகு எப்படி இரண்டு நிமிடம்? கிரிட்டிக்கல்-செயின் என்று கொடுத்துப் பார்த்தால், எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலி வரும். அதில் ஆரம்பத்திலேயே ஒன்றரை நிமிடம் வெறுமையாகக் கிடந்தது.

மறுபடி எழுப்பினோம். மின்ட் சின்னம் தெரிந்ததும் எஸ்கேப் விசையை அமத்தினேன். படம் விலகி எழுத்துகள் வந்தன. ஒரு சிவப்பு நட்சத்திரம் அங்குமிங்கும் ஓட, பக்கத்தில் ஒரு டிஸ்கின் நீண்ட அடையாள எண்ணுக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. அதன் முடிவில் 1 நிமிடம் 30 செக்கன் என்ற எல்லையை நோக்கிச் செக்கன்கள் கூடிக்கொண்டே போயின. "இதை நான் ஒருநாளும் காணேல்லையே" என்றான். எப்படிக் காண்பது? வடிவான சின்னத்தைப் போட்டு மூடிவைத்திருக்கிறார்களே.

விசாரித்தால், போன வருசம் வேறொரு லினக்ஸையும் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். அந்த நிறுவல் ஸ்வாப் பகுதியை (ராம் போதாதபோது பாவிக்கிற டிஸ்க் பகுதி) புதிதாக ஃபோர்மட் செய்து, யூயூஐடி என்கிற அதன் அடையாள எண்ணை மாற்றிவிட்டது. தொடக்கத்தில் எந்த டிஸ்க் பகுதிகளை இணைப்பது என்று எழுதியிருக்கிற மின்டின் எஃப்எஸ்டாப் கோப்பில் பழைய எண்ணே கிடந்தது. இல்லாத டிஸ்குக்காக மின்ட் ஒவ்வொரு நாளும் விடிய 90 செக்கன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கேர்னலின் 38 செக்கனுக்கும் அதுவே காரணம். ஹைபர்நேட்டிலிருந்து (வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைத்த நிலை) திரும்புவதற்காக, கேர்னலோடு முதலில் ஏறுகிற சின்னத் தொடக்கப் பொதியான இனிட்ராம்எஃப்எஸ் அதே பழைய ஸ்வாப்பைத் தேடி இன்னொரு 30 செக்கன் நின்றிருக்கிறது. இந்த வகை லினக்ஸில் அந்த நேரம் கேர்னல் கணக்கில் விழும். இதை அறியாமல் கேர்னலைத் தாங்களே கொம்பைல் செய்யப் போனவர்களும் உண்டு. பாவம், இரண்டு நாள் மினக்கெட்டது மிச்சம்.

பிஎல்கேஐடி கட்டளையில் புதிய எண்ணை எடுத்து எஃப்எஸ்டாப்பிலும், ஹைபர்நேட்டிலிருந்து எங்கே திரும்புவது என்று சொல்லும் ரெசியூம் கோப்பிலும் மாற்றினேன். தொடக்கப் பொதியைப் புதுப்பிக்க அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன். கேர்னல் 8, மிச்சம் 34. ஸ்டொப்வொச்சில் 1 நிமிடம் 40. இரண்டு நிமிடம் இரண்டு வரியில் இருந்தது.

எஃப்எஸ்டாப்பில் யூஎஸ்பி டிஸ்க் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, பிறகு அதைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே கதிதான். அப்படியான வரிக்கு, டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் போ என்று சொல்லும் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் பகுதியை அதில் எழுதியிருந்தால், முன்னே சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விண்டோஸுக்குள் போய் நிறுத்திவிடுங்கள். அரைத்தூக்கத்தில் இருக்கிற என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்புமுறைமை) பகுதியை லினக்ஸ் எழுதத்தக்கதாக மவுண்ட் செய்யாது, அதாவது இணைக்காது.

நெட்வொர்க் வரும்வரை நிற்கிற வெயிட்-ஒன்லைன் சேவை சில வீடுகளில் உண்மையான குற்றவாளி. கரண்ட் வந்ததும் ரவுட்டரும் கணினியும் ஒன்றாகவே எழும்புகின்றன, ரவுட்டர் பிந்துகிறது. வலையிலுள்ள வேறு கணினியின் கோப்புகளைத் தொடக்கத்திலேயே மவுண்ட் செய்யாத வீட்டுக் கணினிக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, நிறுத்தலாம். ஆனால் நிறுத்துவதற்கு டிஸேபிள் போதாத இடத்தில் மாஸ்க் கொடுக்கும்போது நிதானம் வேண்டும். மாஸ்க் கொடுத்ததை வேறு எந்தச் சேவையாலும் எழுப்ப முடியாது. எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மறுபடி அளந்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். பெடியன் ஆறை ஒன்றாக மாற்றியதால் பிரிண்டரை எது கொன்றது என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணித்தியாலம் போனது.

தொடக்கக் கோப்புச் சோதனையை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையை மட்டும் இங்கே கேட்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த இலங்கையில், யூபிஎஸ் இல்லாத கணினி எத்தனை தரம் பொத்தென்று நின்றிருக்கும்! லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்புமுறைமையில் மாற்றங்களை முதலே குறித்துவைக்கிற ஜேர்னல் இருப்பதால் அந்தச் சோதனை பெரும்பாலும் சில செக்கனில் முடிந்துவிடும். அதை மிச்சம் பிடிக்கப் போய், பழுதான கோப்புமுறைமையில் மேலும் மேலும் எழுதிக்கொண்டிருந்தால் மாணவர் பட்டியலோடு எல்லாம் போகும்.

மிஞ்சிய 1 நிமிடம் 40 செக்கனைக் குறைக்க எந்தக் கட்டளையும் இல்லை. எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை டிஸ்கின் மூலை மூலையாகத் தேடி எடுக்க வேண்டும். சுழலுகிற டிஸ்கின் ஊசி செக்கனுக்கு நூறு இடத்துக்குப் போய் வந்தாலே பெரிய காரியம். எஸ்எஸ்டிக்கு ஊசியும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியை வாங்கச் சொன்னேன். மாசக் கடைசியில் வாங்கினார்கள். பழைய டிஸ்கை அப்படியே அதற்குக் குளோன் செய்து கொடுத்தேன். ஸ்டொப்வொச்சில் 36 செக்கன். பெடியன் ஸ்வாப் வரியை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னான். பார்த்தோம், எண் சரியாகத்தான் இருந்தது.