பதுவை அந்தோனியார் நவநாளில் அவர் வாழ்வைச் சொல்வது எப்படி?

ஜூன் 13 திருநாள் என்றால், 4ஆம் திகதி மாலை கொடியேற்றத்தோடு நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், தொடங்கும். ஒவ்வொரு மாலையும் மன்றாட்டுமாலைக்கு முன் ஐந்து நிமிடம் அவர் வாழ்வை வாசியுங்கள். இறுதி ஆசீருக்குப் பிறகு வைத்தால், பிள்ளைகளோடு வந்தவர்கள் எழும்பிவிடுவார்கள். ஒரு மாலைக்கு ஒரு கட்டம், நானூறு சொல்லுக்குள்.

முதல் மூன்று நாள் சுருக்கமாகப் போகலாம். 1195இல் லிஸ்பனில் பிறப்பு, ஞானஸ்நானப் பெயர் பெர்னாந்து. பிறகு அகுஸ்தீனார் சபை, கொய்ம்பிராவில் படிப்பு. 1220இல், மொரோக்கோவில் வேதசாட்சிகளாக இறந்த ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் கொய்ம்பிராவுக்கு வந்தபின், பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து அந்தோனி ஆனார். எகிப்தின் வனத்து அந்தோனியாரோடு இவரைக் குழப்புகிறவர்கள் பலர். வனத்து அந்தோனியாரின் திருநாள் ஜனவரி 17. சொரூபத்தின் கையில் குழந்தை இயேசுவும் லீலிப் பூவும் இருந்தால் பதுவையார்.

நடு மூன்று நாளுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மொரோக்கோ போனவரை நோய் விழுத்தியது. திரும்பிய கப்பலைப் புயல் சிசிலிக்குத் தள்ளியது. பிறகு இத்தாலியின் மொந்தே பவுலோ தனிமடத்தில் பாத்திரம் கழுவினார், தரை கூட்டினார், குகையில் செபித்தார். அவர் எவ்வளவு படித்தவர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. 1222இல் போர்லி நகரில் குருப்பட்டம் நடந்தபோது பிரசங்கத்துக்கு யாரும் ஆயத்தமில்லை. சபை அதிபர் இவரைப் பிரசங்கிக்கச் சொன்னார். அப்போதுதான் இவர் படிப்பு வெளியே தெரிந்தது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

ஏழாம் நாள், களவுபோன அவருடைய திருப்பாடல் நூல் திரும்பி வந்த கதையைச் சொல்லலாம். ஆனால் 'தொலைந்ததெல்லாம் கிடைக்கும்' என்று முடிக்க வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக மெழுகுதிரி ஏற்றிய தாய் அங்கே இருப்பார். அவரோடு சேர்ந்து மன்றாடுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் நாள், கடன். 1231 மார்ச்சில், அந்தோனியாரின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பதுவை நகரம் ஒரு சட்டம் இயற்றியது: சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக்கூடாது. நுண்கடன் கட்டி நொந்துபோன பெண்கள் நிறைந்த வன்னிக் கோயிலில் இதை விடவே கூடாது. ஒன்பதாம் நாளுக்கு மரணம்: 1231 ஜூன் 13, பதுவைக்கு அருகே ஆர்செல்லாவில். ஓராண்டு நிறையுமுன், 1232 மே 30 அன்று, புனிதர் பட்டம்.

ஜூனில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கும். ஸ்பீக்கரைத் தென்மேற்குப் பக்கம் வைத்துச் சனத்தை நோக்கித் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் காற்று குரலைக் கொண்டுபோய்விடும். மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். தனித்தாள் பறக்கும், கொப்பியில் எழுதுங்கள். வாசிப்பவரை முதல்நாளே மைக் முன் நிறுத்தி, ஊர்ப்பெயர்களை மூன்று தரம் சொல்ல வையுங்கள். நாக்குத் தடக்குவது அங்கேதான்.