வாசலில் ஐந்தடிதான் இடமா? நாற்காலி வேண்டாம், திண்ணை கட்டுங்கள்

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நான்கைந்து அடிதான் இருக்கிறதா? அங்கே நாற்காலி வாங்கிப் போடாமல், சுவரை ஒட்டி ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டிவிடுங்கள்.

நாற்காலி என்றால் அதன் அகலம் மட்டும் கணக்கில்லை. பின்னால் தள்ளி எழவும் இடம் விட வேண்டும். அதிலேயே மூன்றடி போய்விடும். திண்ணைக்கு முதுகுப் பக்கம் சுவர்தான், அதனால் மிச்ச இடம் முழுக்க நடைபாதை. ஆறடி நீளம் இருந்தால் நான்கு பேர் நெருங்கி உட்காரலாம். இரண்டரை அடிக்கு ஒரு செங்கல் தாங்கு வைத்து மேலே கடப்பாக்கல் போட்டால் போதும்; அடியில் செருப்பு, தண்ணீர்க் குழாய், காலித் தொட்டி எல்லாம் போய்விடும். கல்லை முன்பக்கம் அரை அங்குலம் சரித்துப் பதிக்கச் சொல்லுங்கள், மழைநீர் தேங்காது. கொத்தனார் இதை மறப்பார், கூடவே நில்லுங்கள்.

மேற்குப் பார்த்த வாசலுக்குக் கடப்பாக்கல் சரிவராது. கறுப்புக் கல், மாலை ஆறு மணிக்கும் சுடும். அங்கே வெளிர் நிற ஓடு பதிக்கலாம். செப்டிக் டேங்க், சம்ப் மூடிக்கு மேல் கட்டவே கூடாது. வண்டி திருப்பும் இடமென்றாலும் விட்டுவிடுங்கள். வாடகை வீடா? மடக்கு பெஞ்சு போதும்.