விண்டோஸ் 7-இல் புது சாப்ட்வேர் ஓடவில்லையா? அந்த எரர் பெட்டியை மூடாதீர்கள்

புதிதாக டவுன்லோடு செய்த சாப்ட்வேரை டபுள் கிளிக் செய்கிறோம், ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது, அதை வாசிக்காமலே ஓகே கொடுத்து மூடிவிட்டு "பழைய சிஸ்டம், இனி இதில் எதுவும் ஓடாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பெட்டியில் இருக்கும் ஒரு வரிதான் முக்கியம். சில எரர்கள் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், சிலவற்றுக்குக் கொஞ்சம் சுற்றுவழி வேண்டும், சிலவற்றோடு மல்லுக்கட்டாமல் பழைய வெர்ஷனுக்குப் போய்விடுவதே மேல். எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே விண்டோஸ் 7-ஐ வைத்தே சொல்கிறேன். 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாப்ட் இதற்கான பொது ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனாலும் நன்றாக ஓடுகிற பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட யாருக்குத்தான் மனசு வரும்?

முதலில் ஸ்டார்ட் மெனுவில் 'வின்வர்' (winver) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து பாருங்கள். வருகிற பெட்டியில் சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் தந்த பெரிய அப்டேட் தொகுப்பு) இல்லையென்றால் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். அப்புறம் உங்கள் சிஸ்டம் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்' என்று வந்தால் பெரும்பாலும் 64 பிட் ஃபைலை 32 பிட் சிஸ்டத்தில் திறக்கிறீர்கள், இல்லாவிட்டால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கும். அடுத்து கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்கள். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் அப்டேட்களுக்கான டிஜிட்டல் கையெழுத்தை எஸ்எச்ஏ-2 முறைக்கு மாற்றியது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பிந்தைய அப்டேட்கள் ஏறாது, புது டிரைவர்களும் தகராறு செய்யும்.

ப்ராப்பர்ட்டீஸில் இருக்கிற கம்பாட்டிபிலிட்டி டேபைத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் அங்கேதான் போவார்கள், நானும் போயிருக்கிறேன். அந்தப் பட்டியலில் விண்டோஸ் 95, எக்ஸ்பி, விஸ்டா என்று பழையவைதான் இருக்கும், ஏனென்றால் அது பழைய சாப்ட்வேரைப் புது விண்டோஸில் ஓட்டுவதற்காக வந்தது. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

இப்போது டிஎல்எல் விஷயத்துக்கு வருவோம், அதாவது சாப்ட்வேர்கள் ஓடுவதற்குக் கடன் வாங்குகிற துணை ஃபைல்கள், இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஏதோ ஒரு டிஎல்எல் 'மிஸ்ஸிங்' என்று பெட்டி வருகிறது. அதன் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஏபிஐ-எம்எஸ்-வின் என்று ஆரம்பித்து, அடுத்து 'சிஆர்டி' என்று இருந்தால் பிரச்சினையே இல்லை, கேபி2999226 என்ற அப்டேட்டைப் போட்டால் வந்துவிடும். விசி ரன்டைம், எம்எஸ்விசிபி மாதிரி பெயர் என்றால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற மைக்ரோசாப்டின் துணை ஃபைல் தொகுப்பு வேண்டும். சிஆர்டிக்குப் பதில் 'கோர்' என்று இருந்தால் கதை வேறு. பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழியின் 3.9 வெர்ஷன் கேட்கிற 'கோர்-பாத்' இந்த வகைதான், அது விண்டோஸ் 8-இல்தான் வந்தது, விண்டோஸ் 7-க்கு அப்டேட்டாகக் கிடைக்காது. அதனால்தான் இங்கே பைத்தான் 3.8-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் செய்கிற தப்பு, டிஎல்எல் ஃபைலைத் தனியாகத் தருகிற ஏதோ ஒரு தளத்தில் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போடுவது. நானும் ஒருமுறை போட்டேன், அந்த டிஎல்எல் இன்னொரு டிஎல்எல் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது, கடைசியில் அதுவரை ஒழுங்காக ஓடிய சாப்ட்வேரும் நின்றுபோனது. வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பெட்டி 'ப்ரொசீஜர் எண்ட்ரி பாயிண்ட்' என்று ஆரம்பித்து, விண்டோஸின் அடிப்படை டிஎல்எல்லான கெர்னல்32-இல் இன்ன பெயருள்ள ஃபங்ஷனை (சாப்ட்வேர் கூப்பிடுகிற ஒரு சின்ன வேலை) காணோம் என்று சொல்லும். அடிக்கடி வருகிற பெயர் 'கெட்சிஸ்டம்டைம்ப்ரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம்'. பெயர்தான் ரயில் நீளத்துக்கு இருக்கிறது, செய்வது துல்லியமாக மணி சொல்கிற வேலை, விண்டோஸ் 8-இல் வந்தது. ஒரு சாப்ட்வேர் கிளம்பும்போதே தனக்கு வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியலை விண்டோஸ் சரிபார்க்கும், அதில் ஒன்று இல்லாவிட்டாலும் மொத்தத்தையும் திறக்க விடாது, அந்த ஒன்றை சாப்ட்வேர் கடைசிவரை கூப்பிடப் போவதே இல்லை என்றாலும் சரி.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் விஎக்ஸ்கெக்ஸ் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. முதலில் எழுதியவர் நிறுத்திவிட்டார், இப்போது விஎக்ஸ்கெக்ஸ் நெக்ஸ்ட் என்ற பெயரில் மற்றவர்கள் தொடர்கிறார்கள். இன்ஸ்டால் செய்தபின் ஓடாத எக்ஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் புதிதாக ஒரு டேப் தெரியும், அதில் எனேபிள் என்ற டிக்கைப் போட்டு அப்ளை கொடுங்கள். 'விண்டோஸ் 10 இருந்தால்தான் ஓடுவேன்' என்று சாப்ட்வேர் அடம்பிடித்தால், அதே டேபில் இது வேறு விண்டோஸ் வெர்ஷன் என்று அந்த சாப்ட்வேரிடம் சொல்லிவிடுகிற வசதியும் இருக்கிறது. எந்த சாப்ட்வேருக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் போடுங்கள், விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பக்கம் போக வேண்டாம். எல்லாமே இதில் ஓடிவிடாது, குறிப்பாக டைரக்ட்எக்ஸ் 12 கேட்கிற கேம்களை மறந்துவிடுங்கள்.

சில சமயம் சாப்ட்வேரில் கோளாறே இருக்காது, இன்ஸ்டாலர் மட்டும்தான் வாசலில் நின்று தடுக்கும். இன்ஸ்டாலரை 7-ஜிப் என்ற ஃபைல் பிரிக்கும் சாப்ட்வேரில் திறந்து ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கிற எக்ஸ்இயை நேராக ஓட்டிப் பாருங்கள். எல்லா இன்ஸ்டாலரும் பிரியாது, இன்ஸ்டால் செய்யாமலே ஓடுகிற போர்ட்டபிள் வெர்ஷன் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிரவுசருக்கு மட்டும் தனி யோசனை வேண்டும். குரோம் 109-ஓடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவு வெர்ஷனான 115 ஈஎஸ்ஆர் ஓடும். குரோமியம் வகைதான் (குரோமுக்கு அடிப்படையான பிரவுசர்) வேண்டும் என்றால் பழைய விண்டோஸுக்காகவே உருவாக்கிய சூப்பர்மியம் இருக்கிறது. எதைப் போட்டாலும் அடியில் இருக்கிற விண்டோஸின் ஓட்டைகளை மைக்ரோசாப்ட் அடைப்பதில்லை, அதனால் பேங்க் வேலையை இந்த மிஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படியோ ஒன்றை ஓட வைத்துவிட்டீர்களா? உடனே அதன் செட்டிங்ஸுக்குப் போய் ஆட்டோ அப்டேட்டை அணையுங்கள். இல்லையென்றால் அது நாளைக்கே தானாகப் புது வெர்ஷனுக்குத் தாவி, மறுபடி அதே பெட்டியைக் காட்டும். ஓடுகிற வெர்ஷனின் இன்ஸ்டாலரை வெர்ஷன் எண்ணோடு பெயர் மாற்றி ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள்.