போர்ப்படம் திரையிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு கல்லூரியில் சென்ற மாதம் போர்ப்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், மைக்கைப் பிடித்திருந்த மாணவர் ஒருவர், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற படைவீரரை நோக்கி விரைந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டவன் நான். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, ஒலிபெருக்கியின் கோளாறு போன்றவற்றை எவரும் இரண்டாவது திரையிடலுக்குள் கற்றுக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீரரிடம் மைக்கை நீட்டுவது

எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகள் உண்டு. அப்படியொரு வீட்டிலிருந்து ஒரு ஹவில்தார் நாள்தோறும் காலையில் நூலகத்துக்கு வந்து செய்தித்தாள் படிப்பார். 1987இல் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையில் பணியாற்றியவர். அந்த நூலகத்தின் மாடியில்தான் நான் படம் காட்டினேன். முடிந்ததும், “ஐயா, நீங்க அங்க பார்த்ததை நாலு வார்த்தை சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினேன். அவர் எழுந்து நின்று, “அங்க இருந்தவங்களும் நம்ம பாஷைதான் பேசினாங்க, தம்பி” என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் கைதட்டி நிரப்பினோம். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனவர், மறுநாள் முதல் நூலகத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவியைச் சந்தித்தபோது, இரவெல்லாம் வயல் மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றார். “எதுக்குத் தம்பி அவரைக் கிளறிவிட்டீங்க?” என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அமைதிப்படையின் கடைசி அணிகள் 1990 மார்ச்சில் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களை வரவேற்கச் செல்லவில்லை. தம் மொழி பேசியவர்களின் ஊரில் துப்பாக்கியோடு நின்றுவிட்டு, திரும்பி வந்த தம் ஊரிலும் அதைப் பேச இடமில்லாமல் போன ஒருவரிடம், நாற்பது பேர் முன்னிலையில் நான்கு வார்த்தை கேட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மீதுதான் கோபம் வருகிறது.

‘மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும்’ என்ற நம்பிக்கைதான் இங்கே ஏமாற்றுகிறது. நினைவைத் தவிர்ப்பதும், போர் போன்ற கொடுமைகளைக் கண்டவர்களுக்கு வரும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதும், அந்த நினைவை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அச்சிகிச்சை, பயிற்சி பெற்றவரின் அறையில், நோயாளியின் சம்மதத்தோடு, ஏறத்தாழ எட்டு முதல் பதினைந்து அமர்வுகளில், அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்கி, படிப்படியாக நடத்தப்படுவது; அடுத்த அமர்வு உண்டு என்ற உறுதியே அதற்கு அடித்தளம். எங்கள் மாடியில் அடுத்த அமர்வு ஏது? அதிர்ச்சிக்கு ஆளானோரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி கேட்க வேண்டுமானால் பாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். 1946இல் வந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில், குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றித் திரும்பியவர், உடைப்பதற்காக நிறுத்தப்பட்ட விமானம் ஒன்றின் மூக்குப்பகுதியில் தனியாக ஏறி அமர்வார். “அவர் ஏன் அங்கே ஏறினார்?” என்று அவையைப் பொதுவாகக் கேட்டால், பேச விரும்புகிறவர் அந்தப் பாத்திரத்தின் மறைவில் நின்று பேசலாம், விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். தம் கதையைச் சொல்லும் மனமுள்ளவர் தேநீர் வேளையில் தாமாகவே யாராவது ஒருவரிடம் சொல்வார். அதைக் கேட்டவர் மேடையேறி ஒப்பிக்கக் கூடாது.

முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்குவது

1998இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ வெளிவந்தபோது, அதன் கடற்கரைப் போர்க்காட்சிகளால் கலங்கக்கூடிய முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை தனித் தொலைபேசி வசதியே ஏற்படுத்தியது. நாம் அழைப்பிதழில் ஒரு வரி சேர்ப்பதும், வாசலை ஒட்டிச் சில நாற்காலிகளைக் காலியாக விடுவதும் பெரிய வேலையல்ல.

தீபாவளியையும் திருவிழாவையும் ஒட்டித் தேதி வைப்பது

வேண்டாம். வெளியே அதிர்வேட்டு, உள்ளே பீரங்கி.

ஓர் ஊசியில் குணமானதை அப்படியே நம்பவைப்பது

ஜான் ஹியூஸ்டன் அமெரிக்க இராணுவத்துக்காக எடுத்த ‘லெட் தேர் பி லைட்’ ஆவணப்படத்தில், உடலில் காரணமின்றி நடக்க இயலாதுபோன வீரர் ஒருவர், மருந்தூசி போட்டு மருத்துவர் பேச்சுக்கொடுத்த சற்று நேரத்தில் எழுந்து நடக்கிறார். நடிப்பில்லாத காட்சி என்பதாலேயே பார்ப்பவர் மனத்தில் ‘இவ்வளவுதானா!’ என்று பதிந்துவிடுகிறது. அந்த நடை நிலைத்ததா என்பதைக் காட்சி காட்டுவதில்லை என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். 1946இல் முடிந்த இப்படத்தை இராணுவமே முடக்கிவைத்து, 1980இன் இறுதியில்தான் பொதுமக்கள் பார்க்க விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றதும் அதே 1980இல்தான்.

பக்கத்து இருக்கைக்காரருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது

அது மருத்துவரின் வேலை.

உதவி எண்ணைக் கடைசியில் காட்டுவது

அரசின் ‘டெலி மானஸ்’ மனநலத் தொலைபேசி உதவி எண்ணான 14416ஐப் படம் முடிந்தபின் திரையில் காட்டினால், எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யார் குறித்துக்கொள்வார்? சிறு சீட்டில் அச்சிட்டு நுழையும்போதே எல்லோருக்கும் கொடுங்கள்; தேர்ந்தெடுத்துச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் அதுவே அடையாளம் காட்டியதாகிவிடும். அதே சீட்டில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்நாளில், எந்நேரத்தில் இயங்குகிறது என்பதை நேரில் விசாரித்து எழுதுங்கள். எங்கள் சீட்டை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வீட்டுப் பெண்கள். அவர்கள் அதை மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.