கருவாட்டுக் குழம்பில் உப்பைக் குறைக்கும் முறை

குமரி மாவட்டத்து மரச்சீனிக்கிழங்கையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியையும் கைவிட வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் ஏறாதிருக்க, உடன் சேரும் உப்பைக் கவனிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், நேந்திரங்காய் வறுவல் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கருவாட்டை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்றிக் கழுவிய பின், குழம்பில் தனியே உப்பிடாமல் கொதிக்கவிட்டு, ருசி பார்த்த பிறகே தேவையானதைச் சேர்க்க வேண்டும். புளியும் நல்லமிளகும் சற்றுக் கூடினால் குறை தெரியாது (எங்கள் வீட்டு நாக்குகள் பழக மூன்று வாரம் பிடித்தது). நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கைச் சோற்றுடன் சேர்க்காமல், சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்பது நல்லது. வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடையும் தேவை. அதற்குக் கால்வாய்க்கரையே போதும்.