புராஸ்டேட் பயாப்ஸி: மரத்துப்போகும் ஊசி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதமான பி.எஸ்.ஏ. அளவு கூடியிருக்கிறது, பயாப்ஸி (அந்தச் சுரப்பியில் சிறு சதைத் துணுக்குகளை ஊசியால் எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சிறுநீரியல் மருத்துவரான யூராலஜிஸ்ட் சொன்னதும் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம்தான் முதலில் வரும். எப்படி எடுப்பார்கள், எவ்வளவு வலிக்கும், வலிக்காமல் இருக்க என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் பெரும்பாலானோர் கேட்பதில்லை. கேட்க நினைத்தாலும் கூச்சம் தடுத்துவிடுகிறது. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. மேசையில் படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை. தேதி குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

"ஒரு நொடி வேலைதான், பொறுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். 1989இல் ஹாட்ஜ் என்ற மருத்துவரின் குழுவினர் ஆறு இடங்களில் சதை எடுக்கும் முறையை விவரித்தபின் வெகுகாலம் பல இடங்களில் மரப்பு மருந்தே இல்லாமல்தான் பயாப்ஸி நடந்தது. இப்போது வழக்கமாகப் பன்னிரண்டு இடங்களில் எடுக்கிறார்கள். சந்தேகமான பகுதி எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால் அங்கேயும் கூடுதலாக எடுப்பார்கள். அத்தனை தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. வலியில் உடம்பை அசைத்தால் சதை எடுக்கும் ஊசி குறி தவறவும் கூடும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைக்கும் தவறு: மரத்துப்போகத் தடவும் ஜெல்லியையும் மரத்துப்போகப் போடும் ஊசியையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. ஆசனவாய் வழியாக எடுக்கும் முறையில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து கலந்த ஜெல்லி தடவுவார்கள். அது உள்தோலை மரக்கச் செய்யும், அல்ட்ராசவுண்ட் கருவி வழுக்கி உள்ளே போகவும் உதவும். அத்துடன் அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. புராஸ்டேட்டுக்குப் போகும் நரம்புகள் மலக்குடல் சுவருக்கு வெளியே இருக்கின்றன. அங்கே மருந்து போக ஊசிதான் வழி. 1996இல் நாஷ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் விவரித்த முறை இது: அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, புராஸ்டேட்டும் விந்துப்பையும் சேரும் மூலையில் இருபுறமும் மருந்தைச் செலுத்துவது. அந்த மூலையில் உள்ள கொழுப்பு திரையில் வெள்ளையாக, மலைச்சிகரம் போலத் தெரியும். மருத்துவர்கள் அதை எவரெஸ்ட் அடையாளம் என்றே சொல்வதுண்டு. ஒரு பக்கத்துக்கு 5 மி.லி. வீதம் 1 சதவீத லிக்னோகெயின் என்பது பரவலான அளவு. ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் வெறும் ஜெல்லியைவிட இந்த ஊசியே மேலானது என்கிறது. ஆகவே "மரத்துப்போக மருந்து கொடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், "புராஸ்டேட்டைச் சுற்றி ஊசி போடுவீர்களா, ஜெல்லி மட்டும்தானா?" என்று கேளுங்கள்.

அதற்காக ஊசி போட்டால் ஒன்றுமே தெரியாது என்று நினைப்பதும் சரியில்லை. ஆசனவாய்க்குள் கருவி நுழையும்போது ஏற்படும் இறுக்கத்தை இந்த ஊசி குறைக்காது, அங்கே ஜெல்லிதான் கை கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். சதை எடுக்கும் கருவி ஒவ்வொரு முறையும் 'டக்' என்று சத்தம் போடும். அதை ஒருமுறை முன்கூட்டியே கேட்க வைக்கச் சொன்னால் திடுக்கிடுவது குறையும்.

ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுக்கும் முறையும் உண்டு. தொற்று அபாயம் குறைவு என்பதால் அது இப்போது அதிகமாகி வருகிறது. அந்தத் தோலில் உணர்ச்சி அதிகம். எனவே முதலில் தோலையும், பிறகு உள்ளே புராஸ்டேட்டைச் சுற்றியும் மரக்கச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததும் உங்களுக்கு நடக்கப்போவதும் வேறு வேறு முறையாக இருக்கலாம். அவர் அனுபவத்தைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

ஊசி போட்டதும் மருந்து வேலை செய்யச் சில நிமிடம் தேவை. அதற்குள் ஆரம்பித்துவிட்டால், அல்லது நடுவில் கூர்மையாக வலித்தால், வாயைத் திறந்து சொல்லுங்கள். அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கி மரப்பை நீட்டிக்கச் சேர்க்கும் மருந்து) சேராத லிக்னோகெயினுக்கு வழக்கமான உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி.; எடை எவ்வளவானாலும் மொத்தம் 300 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 270 மி.கி. மேலே சொன்ன அளவில், இருபுறமும் சேர்த்து 10 மி.லி.யில் இருப்பது 100 மி.கி.தான். ஜெல்லியில் உள்ளதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, தேவையானால் மருத்துவர் கூடுதலாகக் கொடுக்க முடியும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்ததன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

பல் பிடுங்கப் போட்ட ஊசியில் படபடப்பு வந்ததா? அது பல நேரம் அந்த ஊசியில் சேர்க்கும் அட்ரினலினால் வருவது. லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல், இதய நோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதய மருத்துவரும் யூராலஜிஸ்ட்டும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து இல்லாமல் மரப்பு ஊசி மட்டும் என்றால் பொதுவாகப் பட்டினி தேவைப்படாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுப்பது ஆபத்து.

மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். அப்புறம் லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் வலிக்கென்று அதை விழுங்கும் முன் உடம்புச் சூட்டைப் பாருங்கள், ஏனென்றால் அது காய்ச்சலையும் மறைத்துவிடும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.