வன்னியில் கட்டடம் கட்டுமுன் எந்த அனுமதியை யாரிடம் பெறுவது?

மாவட்டத்தின் தலைநகராக இருந்தும் கிளிநொச்சிக்கு நகர சபை கிடையாது; நகரம் கரைச்சிப் பிரதேச சபையின் ஆளுகையில் இருக்கிறது. கட்டட விண்ணப்பத்தைச் சபையில்தான் கொடுக்கிறோம், ஆனால் அதைத் தீர்மானிக்கும் விதிகளில் பல கொழும்பில் ஆக்கப்பட்டவை. இந்த இரட்டைப் பொறுப்பை அறியாமல் வரைபடம் கீறத் தொடங்கினால் பணமும் காலமும் வீணாகும்.

முதலில், உங்கள் காணி 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்று சபையில் கேளுங்கள். வருமானால் அதிகார சபையின் விதிகளே பொருந்தும். அவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பிரதேச சபைக்குக் கையளிக்கப்பட்டிருந்தால், திட்டமிடல் குழுவின் பரிந்துரையோடு அனுமதி சபையிலேயே கிடைக்கும். வெளியே இருந்தால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும்.

அடுத்தது வீதி. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், உள்வீதிகள் சபைக்கும் உரியவை. ஏ-9 ஓரத்தில் கடை கட்டிய என் உறவினர் ஒருவர் இதைக் கேட்கவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீதியின் நடுவில் அளவுநாடாவின் நுனியை வைத்து இழுத்தபோது, எல்லைக்கோடு மதிலையும் தாண்டி முற்றத்து வேம்பின் அடியில் விழுந்தது. புதிதாக அடுக்கிய சீமெந்துக் கற்களை அவரே பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. இந்த எல்லையைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே வரைஞரிடம் செல்லுங்கள்.

காணி அரச அனுமதிப்பத்திரத்தில் இருந்தால், வன்னியில் பெரும்பாலும் அப்படித்தான், பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். வயலாயின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியின்றி நிரப்பக்கூடாது. இதை வெறும் தடையாகக் கருதாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது நாம் பட்ட பாட்டை அறிந்தவர்கள், வாய்க்காலோரத்தை மறித்து ஒரு கல்லும் வைக்கமாட்டார்கள்.

கட்டி முடித்ததும், குடிபுகுமுன், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியதற்கான அமைவுச் சான்றிதழைச் சபையில் பெறுங்கள். இடையில் ஒரு சுவரையேனும் மாற்றியிருந்தால், திருத்திய வரைபடத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.